மீதமில்லாமல் பங்கிட ஓர் எண்: பட்டம் பெறாத இராமானுஜனுக்குப் பட்டம் தந்த கணக்கு

ஜார்ஜ்டவுன் – டிசம்பர் 22 கணித மேதை சீனிவாச இராமானுஜன் பிறந்த நாள். அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கும் 1729 என்ற எண்தான் நினைவுக்கு வரும். ஆனால், கல்லூரித் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்ற அந்த இளைஞருக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை வாங்கித் தந்த ஆய்வில் இருந்தது வேறோர் எண். அதை வாய்விட்டுப் படிக்கவே கொஞ்சம் மூச்சு வேண்டும்.

6,746,328,388,800. அதாவது 6 டிரில்லியன் 746 பில்லியன் 328 மில்லியன் 388 ஆயிரத்து 800. ஊர்ப் பக்கத்துக் கணக்கில் சொன்னால் 6 லட்சத்து 74 ஆயிரம் கோடிக்கும் மேல்.

இந்த எண்ணுக்கு அப்படி என்ன சிறப்பு? இதை 2 பேருக்குப் பங்கிடலாம். 3 பேருக்கும், 7 பேருக்கும், 13 பேருக்கும், 19 பேருக்கும் பங்கிடலாம். ஒன்று முதல் 28 வரை எத்தனை பேர் வந்து கை நீட்டினாலும் சமமாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஒன்றுகூட மீதம் வராது. பினாங்கில் இருக்கும் 28 தமிழ்ப்பள்ளிகளுக்கும் இத்தனை ரிங்கிட்டைப் பங்கு போட்டால் ஒரு சென் சண்டைகூட இருக்காது. 29 பேர் என்றால்தான் கணக்கு இடிக்கும். 30 என்றால் மறுபடியும் சரியாகிவிடும்.

இப்படி மீதமில்லாமல் வகுக்கும் எண்களுக்கு வகுத்திகள் என்று பெயர். இந்த ஓர் எண்ணுக்கு மட்டும் 10,080 வகுத்திகள் உண்டு. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை. கணினியோ கால்குலேட்டரோ இல்லாத காலத்தில், கையால் கணக்குப் போட்டு இதைக் கண்டு எழுதினார் இராமானுஜன்.

கும்பகோணத்துச் சிறுவன்

1887 டிசம்பர் 22ஆம் நாள், ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் இராமானுஜன் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சிறிய வீட்டில். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாட்டுப் பாடி, அதில் கிடைத்ததையும் குடும்பச் செலவுக்குச் சேர்த்துக்கொண்டவர். மாதச் சம்பளம் மாதக் கடைசிவரை வராத வீடு அது.

1897இல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகு, மூத்த மாணவர்களின் கணக்குப் புத்தகங்களையும் வாங்கிப் படித்து முடித்தார். 1904இல் பள்ளியை விட்டு வெளியேறும்போது கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசும் கிடைத்தது.

அதற்குச் சற்று முன்னர், சுமார் 16 வயதில், ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கிலேய ஆசிரியர், தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்காக ஐயாயிரம் அளவில் சூத்திரங்களைத் தொகுத்து வைத்திருந்த நூல். பெரும்பாலான சூத்திரங்களுக்கு முழு விளக்கம் இருக்காது. முடிவு மட்டுமே இருக்கும். மற்றவர்களுக்கு அது வறண்ட புத்தகம். இராமானுஜனோ ஒவ்வொரு சூத்திரத்தையும் தானே நிறுவிப் பார்த்தார். அதைத் தாண்டிப் புதியவற்றையும் எழுதத் தொடங்கினார். காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டுப் பலகையில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார்.

தோல்வி மேல் தோல்வி

அந்தப் புத்தகம் அவருக்குப் புதிய உலகத்தைத் திறந்து விட்டது. கல்லூரிக் கதவை அதுவே அடைத்தும் விட்டது.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறு பாடத்தைத் தொடவே இல்லை. ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை போனது. கட்டணம் கட்ட வீட்டில் வசதியில்லை. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்து 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் கணக்கில் முதல். உடலியல் உள்ளிட்ட மற்ற பாடங்களில் தோல்வி. மறுபடியும் தனியாக எழுதினார். 1907இலும் தோல்வி. அன்றைய எஃப்.ஏ. தேர்வு என்பது பட்டப்படிப்புக்கு நுழைவாயில். அது இல்லாவிட்டால் பி.ஏ. இல்லை, நல்ல உத்தியோகமும் இல்லை.

1909இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணப்பெண் ஜானகிக்கு அப்போது வயது பத்து. அந்தக் காலத்து வழக்கப்படி, பெண் வயதுக்கு வரும்வரை பிறந்த வீட்டிலேயே இருந்தார். மணமகனுக்கோ வேலையில்லை. நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன் கணக்கு புரியக்கூடிய மனிதர் எவராவது இருக்கிறாரா என்று ஊர் ஊராகத் தேடி அலைந்தார்.

இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய துணை ஆட்சியர் வி. ராமசாமி ஐயர் அந்த நோட்டைப் பார்த்தார். இதை வருவாய்த் துறை எழுத்தர் வேலையில் போட்டுப் புதைக்கக் கூடாது என்று நினைத்து, சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் ஆட்சியர் ஆர். ராமச்சந்திர ராவ், முதலில் சந்தேகப்பட்டாலும், பிறகு மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்தே கொடுத்து உதவினார். 1911இல் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளியானது.

துறைமுகத்தில் ஓர் எழுத்தர்

அடுத்தவர் காசில் எத்தனை நாள் வாழ்வது என்ற எண்ணம் அவரை உறுத்தியது. 1912 மார்ச் 1ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய்ச் சம்பளம்.

அந்தக் காலகட்டம் பினாங்குத் தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. சஞ்சிக்கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்து, கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த நாள்கள் அவை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் வந்து இறங்கினார்கள். ஜெர்ஜாக் தீவில் தொற்றுத் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டுப் பிறகு தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். கும்பகோணத்தைச் சுற்றிய தஞ்சைச் சீமையிலிருந்து வந்தவர்களும் அவர்களில் நிறைய உண்டு. அப்படி ஆள்களை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் புறப்பட்ட சென்னைத் துறைமுகத்தில்தான், பொட்டலம் கட்டிய காகிதத்தின் வெற்றுப் பக்கத்தில்கூடக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் இராமானுஜன்.

அவருக்கு மேலதிகாரியாக இருந்த தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர் கணிதம் படித்தவர். எழுத்தர் வேலை முடிந்த மாலை நேரங்களில் இருவரும் சிலேட்டோடு உட்காருவார்கள். துறைமுகத்தின் தலைவரான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளரிடமும் நாராயண ஐயர் எடுத்துச் சொன்னார். இந்த ஆதரவும் ஊக்கமும் இருந்ததால்தான் இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதத் துணிந்தார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இரண்டு பேராசிரியர்கள் கண்டுகொள்ளவில்லை. 1913 ஜனவரி 16ஆம் நாளிட்ட கடிதம் மூன்றாமவரான ஜி.எச். ஹார்டிக்குப் போனது.

நூற்றுச் சொச்சம் சூத்திரங்கள் அடங்கிய அந்தக் கடிதத்தைப் பார்த்த ஹார்டி, முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்றே எண்ணினார். அன்று இரவு தம் சக கணித அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தபோது, எழுதியவர் அபூர்வமான மேதை என்பதில் இருவருக்கும் ஐயமில்லாமல் போயிற்று. அந்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தது. பட்டம் இல்லாதவருக்குப் பல்கலைக்கழக உதவித்தொகை என்பது அன்று பெரிய விதிவிலக்கு.

கடல் தாண்டினால் சாதி விலக்கு என்ற பயம் அந்தக் குடும்பத்தில் ஆழமாக இருந்தது. தாயார் சம்மதித்த பிறகே பயணம் உறுதியானது. 1914 மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்ற கப்பலில் சென்னையை விட்டுப் புறப்பட்டார். அது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தின் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியில் நம்மவர்களை ஏற்றி இறக்கியதும் அதே நிறுவனம்தான். ஒரு கப்பல் கிழக்கே போனது, இன்னொன்று மேற்கே போனது. குடுமியை எடுத்துவிட்டு, பழக்கமில்லாத சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டு, ஏப்ரல் 14ஆம் நாள் லண்டனில் இறங்கினார் இராமானுஜன்.

பங்கிடுவதில் யார் கெட்டி?

கேம்பிரிட்ஜில் அவர் எடுத்துக்கொண்ட பெரிய ஆய்வுகளில் ஒன்று, மிகுந்த வகுத்திகளைக் கொண்ட எண்களைப் பற்றியது. அவற்றை மிகுபகு எண்கள் என்று சொல்லலாம்.

கணக்கு எளிதுதான். பத்து வடைகள் இருந்தால் 2 பேருக்கோ 5 பேருக்கோ சமமாகக் கொடுக்கலாம்; இல்லையென்றால் ஆளுக்கொன்றாகப் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம். பன்னிரண்டு வடைகள் இருந்தால் 2, 3, 4, 6, 12 என்று எத்தனையோ வகையில் பங்கிடலாம். கடைக்காரர்கள் டஜன் கணக்கை விடாமல் வைத்திருப்பதும், மணிக்கு 60 நிமிடம் என்று முன்னோர் வைத்ததும், வட்டத்துக்கு 360 பாகை என்று வைத்ததும் பங்கிட வசதியாக இருப்பதால்தான். 12க்கு 6 வகுத்திகள். 60க்கு 12. 360க்கு 24. தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் தோற்கடிக்கும் எண்ணே மிகுபகு எண்.

ஓர் எண்ணின் வகுத்திகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. அந்த எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் போதும். 12 என்பது 2×2×3. இதில் 2 இரண்டு முறை வருகிறது, 3 ஒரு முறை வருகிறது. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 3×2, அதாவது 6. அதுதான் 12இன் வகுத்திகளின் எண்ணிக்கை.

இதே முறையை அந்தப் பெரிய எண்ணுக்குப் போட்டுப் பார்க்கலாம். 6,746,328,388,800 என்பதைப் பிரித்தால், 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறை வரும். ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2×2. விடை 10,080.

வரும் பகா எண்களின் வரிசையைப் பாருங்கள். 2 முதல் 23 வரை இடையில் ஒன்றுகூட விடுபடவில்லை. எத்தனை முறை என்ற எண்ணிக்கையும் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று படியிறங்கிக்கொண்டே வருகிறது, எங்கும் ஏறவில்லை. மிகுபகு எண் எதுவானாலும் இப்படித்தான் அமையும் என்று இராமானுஜன் நிறுவினார். 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்பதையும் காட்டினார். அதோடு நிற்காமல், 6,746,328,388,800 வரை மிகுபகு எண்களைப் பட்டியலிட்டார். ஆறே முக்கால் டிரில்லியன் எண்களுக்குள் அப்படிப்பட்டவை சுமார் நூறுதான்.

அறுபது பக்கங்களுக்கு மேல் நீண்ட அந்தக் கட்டுரை 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் வந்தது. அது முதல் உலகப் போர்க் காலம். கழகத்துக்குப் பணத் தட்டுப்பாடு. அச்சுச் செலவைக் குறைப்பதற்காகக் கட்டுரையின் பிற்பகுதியை இராமானுஜன் நிறுத்தி வைத்தார். எழுதியவர் இறந்து 77 ஆண்டுகள் கழித்து, 1997இல்தான் அந்தப் பகுதி முறையாக அச்சேறியது.

1916 மார்ச்சில், இந்த ஆய்வையே முதன்மையாகக் கொண்டு, கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வு வழி பி.ஏ. பட்டம் வழங்கியது. நுழைவுத் தகுதி இல்லாத அவருக்கு அதற்கெனத் தனி அனுமதியும் தரப்பட்டிருந்தது. எஃப்.ஏ. தேறாத மாணவர், அந்தக் கேள்வித்தாளை இனி எழுத வேண்டியதே இல்லை என்ற இடத்துக்குத் தம் கணக்கினாலேயே வந்து சேர்ந்தார்.

தேங்காய்க் குவியலில் ஒரு டிரில்லியன்

அடுத்து வந்தது இன்னும் கடினமான கணக்கு. முந்தைய கணக்கில் பங்குகள் சமமாக இருக்க வேண்டும். இதில் அந்தக் கட்டாயம் இல்லை.

தைப்பூசத்துக்கு உடைக்க நான்கு தேங்காய்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை எத்தனை விதமாகக் குவியல் போடலாம்? நான்கும் ஒரே குவியலாக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனியாக. மொத்தம் 5 விதம். ஐந்து தேங்காய் என்றால் 7 விதம். பத்து என்றால் 42. இதுவரை விரலிலும் தாளிலும் எண்ணிவிடலாம். நூறு தேங்காய் என்றால் 190,569,292. இருநூறு என்றால் 3,972,999,029,388. நாலு டிரில்லியனை எட்டிப் பிடிக்கும் எண். தைப்பூச நாளில் தண்ணீர்மலைச் சாலையில் உடைபடும் தேங்காய்களோடு ஒப்பிட்டால் 200 என்பது ஒன்றுமேயில்லை. ஆனால் அந்த இருநூறுக்குள்ளேயே இத்தனை விதங்கள்.

இதற்கு நேரடிச் சூத்திரம் உண்டா என்று கணித உலகம் நெடுநாள் தேடியது. ஹார்டியும் இராமானுஜனும் சேர்ந்து 1918இல் வெளியிட்ட ஆய்வில் அதற்கு வழி கண்டார்கள். அவர்களுடைய சூத்திரத்தில் எட்டு உறுப்புகளை மட்டும் கூட்டினால் 200க்கு வந்த விடை 3,972,999,029,388.004. சரியான விடைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்தில் நான்கு பங்குதான்.

சரியான விடை என்று எப்படித் தெரிந்தது? மக்மகோன் என்ற கணித அறிஞர் 1 முதல் 200 வரைக்கும் ஒவ்வொன்றாகக் கையால் கணக்கிட்டுப் பட்டியல் போட்டு வைத்திருந்தார். இளமையில் பீரங்கிப் படை அதிகாரியாகச் சென்னையில் பணியாற்றியவர் அவர். அவருடைய பட்டியலின் கடைசி எண்ணும் சூத்திரத்தின் விடையும் பொருந்தி நின்றன.

இராமானுஜன் அந்தப் பட்டியலை விடாமல் பார்த்தார். 4, 9, 14, 19 என்று ஐந்து ஐந்தாகத் தாண்டிப் போனால், விதங்களின் எண்ணிக்கை 5, 30, 135, 490 என்று வருகிறது. எல்லாம் ஐந்தால் வகுபடுகின்றன. இது தற்செயல் இல்லை, என்றைக்கும் இப்படித்தான் வரும் என்று நிறுவினார். 7க்கும் 11க்கும் இதே போன்ற ஒழுங்குகள் இருப்பதையும் கண்டார்.

உடைந்த உடல்

கணக்கு மேலே போகப் போக உடல் கீழே போனது. மரக்கறி உணவு மட்டுமே உண்பவர். தாமே சமைத்துக்கொள்பவர். போர் தொடங்கியதும் காய்கறியும் தானியமும் கிடைப்பது அரிதாயிற்று. வேலை நேரத்துக்கு ஒழுங்கில்லை; இரவெல்லாம் கணக்கு, பகலில் தூக்கம். குளிர் ஒரு பக்கம், தனிமை ஒரு பக்கம். ஊரில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. கணவனும் மனைவியும் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஒருவருக்கொருவர் போய்ச் சேரவில்லை. 1917 முதல் மருத்துவமனை, சானடோரியம் என்று மாறி மாறி இருந்தார். காசநோய் என்றே மருத்துவம் பார்க்கப்பட்டது.

புட்னியில் படுக்கையில் கிடந்தபோதுதான் ஹார்டி 1729 என்ற எண்ணுள்ள வாடகைக் காரில் வந்து, அது சுவையற்ற எண் என்று பேச்சுவாக்கில் சொன்னார். நோயாளி உடனே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்றார். 1இன் கனமும் 12இன் கனமும் ஒரு விதம். 9இன் கனமும் 10இன் கனமும் மற்றொரு விதம்.

1918இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெருமையைப் பெற்ற இரண்டாவது இந்தியர் அவர். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ ஆனார். அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர். அப்போது அவருக்கு வயது 30.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் தருவதாக அறிவித்தது. அதற்கு 1919 ஜனவரியில் இராமானுஜன் எழுதிய பதிலில்தான் அந்த மனிதர் முழுதாகத் தெரிகிறார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம் செலவும் போக, மீதத்தை ஏழைப் பிள்ளைகளும் அநாதைகளும் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கட்டணம் கட்ட முடியாமல் கல்லூரியை விட்டு ஓடிய பையன் தமக்குக் கிடைத்த முதல் வசதியிலேயே அந்தக் கடனைத் தீர்க்க நினைத்தார்.

1919 மார்ச் 27ஆம் நாள் பம்பாயில் கப்பலை விட்டு இறங்கியவர் எலும்பும் தோலுமாக இருந்தார். சென்னை, கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாற்றிப் பார்த்தும் உடல் தேறவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்குப் புதிய கண்டுபிடிப்புகளோடு கடைசிக் கடிதம் எழுதினார். படுக்கையில் இருந்தபடி கேட்டு வாங்கியதெல்லாம் காகிதம்தான். ஜானகி பக்கத்திலேயே இருந்து ஒத்தடம் கொடுத்தார். எழுதிப் போட்ட தாள்களைச் சேர்த்து வைத்தார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள், சென்னை சேத்துப்பட்டில், 32ஆம் வயதில் இராமானுஜன் காலமானார். கடல் தாண்டிப் போய்விட்டுப் பரிகாரம் செய்துகொள்ளாதவர் என்பதால், ஆசாரம் பார்த்த உறவினர் சிலர் இறுதிச் சடங்குக்கும் வரவில்லை.

அவருடைய நோய்க் குறிப்புகளை 1994இல் ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர் ஒருவர், அது காசநோயாக இல்லாமல், கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். அன்றைய மருந்தாலேயே குணப்படுத்தியிருக்கக்கூடிய நோய் அது.

விடுபட்ட ஓர் எண்

அந்த மிகுபகு எண்களின் பட்டியலைப் பின்னாளில் சரிபார்த்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருந்தது: 293,318,625,600.

இதில் ஒரு விந்தை உண்டு. இதை 23ஆல் பெருக்கினால் 6,746,328,388,800 வரும். விடுபட்ட எண்ணுக்கு 5,040 வகுத்திகள். புதிதாக 23 சேர்ந்ததும், பழைய வகுத்தி ஒவ்வொன்றும் அப்படியே ஒரு முறையும் 23ஆல் பெருக்கப்பட்டு ஒரு முறையும் வருவதால் இரட்டிப்பாகி 10,080 ஆகிறது. பட்டியலின் உச்சியில் நிற்பதை எழுதியவர், அதற்கு அடியில் ஊன்றி நிற்பதை எழுத மறந்துவிட்டார். கையால் போட்ட கணக்கு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. நிறுவிய முடிவுகள் எதுவும் அதனால் பழுதாகவில்லை.

அவர் வாழ்க்கைக் கதையிலும் பலர் எழுத மறந்துவிடும் ஒருவர் உண்டு. இருபத்தோரு வயதில் கைம்பெண்ணான ஜானகியம்மாள், தையல் கற்று, சிறிய ஓய்வூதியத்தோடு சொந்தக் கையால் பிழைத்தார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். சென்னை திருவல்லிக்கேணியில் பல்லாண்டு வாழ்ந்து, 1994இல், 95 வயதில் காலமானார். அவர் கட்டிக் காத்துக் கொடுத்த கடைசிக் காலத் தாள்கள் இங்கிலாந்துக்குப் போய், ஒரு மூலையில் கிடந்து, 1976இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞரின் கண்ணில் பட்டன. அந்தத் தாள்களில் இருந்தவற்றை நிறுவி முடிக்கக் கணித உலகத்துக்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

ஒரு பாடத்தில் நூறும் மற்றொன்றில் தோல்வியும் வாங்கி வரும் பிள்ளைகள் தோட்டத்திலும் இருக்கிறார்கள், பட்டணத்து அடுக்குமாடியிலும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் இராமானுஜன் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் இராமானுஜனும் அப்படித்தான் ஒரு காலத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவரை ஹார்டி கண்டெடுத்தார் என்று உலகம் சொல்கிறது. அதற்கு முன்பே, வேலை முடிந்த மாலையில் வீட்டுக்குப் போகாமல், தமக்குக் கீழே வேலை பார்த்த எழுத்தரின் சிலேட்டைக் குனிந்து பார்த்த ஒரு துறைமுகக் கணக்கர் இருந்தார்.